மீன் லொறியில் போன ஸ்ரீபன்

பெட்டியைக் காணவில்லை.

மூன்று நிமிடத்துக்கு முன்னர் அது அளம்பில் பங்குக் கோவில் மண்டபத்தின் வாசற்படியில் இருந்தது. தக்கை மாதிரி லேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டி. ஒரு பக்கத்தில் கொழும்பு ஆய்வுகூடம் ஒன்றின் விலாசம் ஒட்டியிருந்தது. இப்போது படியில் ஒரு சதுர ஈரம் மட்டும்தான் மிச்சம். பத்து மணி வெக்கை அதையும் அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தது.

மகனின் கையைப் பிடித்தபடி வெளியே வந்த யூலிற்றா அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவளுடைய மகனின் தோல்.

அரைப் பயறு அளவுதான் இருக்கும். ஏழு வயது ஸ்ரீபனின் இடது முழங்கைக்கு மேலே மருந்து பூசி மரக்க வைத்து, எண்ணி ஆறு விநாடியில் கிள்ளி எடுத்த துண்டு. அந்த ஆறு விநாடி லேசில் வந்ததல்ல. பிறத்தியார் கை பட்டாலே கூரை பறக்கக் கத்துகிற பிள்ளை அவன். யூலிற்றா மூன்று மாதமாகத் தினமும் குளிப்பாட்டிய கையோடு அதே இடத்தில் பேனை மூடியை வைத்து அழுத்தி, ஆறு வரை எண்ணி, ஒரு மாரி பிஸ்கட் கொடுத்துப் பழக்கியிருந்தாள். இன்று ஆறு என்றதும் அவன் பிஸ்கட்டுக்குக் கை நீட்டினான். சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். பிறகுதான் குனிந்து கையைப் பார்த்தான், தாயை ஒரு பார்வை பார்த்தான். இவ்வளவு நாளும் ஏமாற்றியிருக்கிறாய் என்ற பார்வை. இனி அந்தக் கையை அவன் தரமாட்டான். இந்த ஆண்டு மட்டுமல்ல, எந்த ஆண்டும்.

கடதாசிகளைக் கோப்பில் அடுக்கியபடி ராஜினி வெளியே வந்தாள். ஸ்கந்தபுரத்துப் பெண். ஆய்வுக் குழுவுக்காக வன்னி முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்குகிறவள். படியைப் பார்த்தாள். சாரதி வினோதன் பெட்டியைக் குழுவின் வான் வண்டியில் ஏற்றிவிட்டான் என்று நினைத்து வீதியைப் பார்த்தாள். வானையும் காணவில்லை. அது முள்ளியவளையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் மண்டபத்துக்குப் பின்னால் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு மெல்ரொன் வந்தான். யூலிற்றாவின் புருசன், அளம்பில் கரையில் சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவன். பெட்டியின் மூடி ஆடிக்கொண்டு கிடந்ததாம், ஒட்டியிருந்த பசை நாடா ஈரத்தில் கழன்றுவிட்டதாம், தான் நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டானாம். பாராட்டை எதிர்பார்த்து நின்றான்.

"எதாலை கட்டினீங்கள்?" என்று கேட்டாள் யூலிற்றா.

மெல்ரொன் படியில் கிடந்த ஈரத்தைத் திரும்பிப் பார்த்தான்.  

பச்சை நைலோன் கயிறு. நீளப்பாட்டுக்கு ஒரு சுற்று, குறுக்கே இரண்டு, மூலையில் ஒரு பக்க முடிச்சு.

அளம்பில் கரையில் ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு கயிறு உண்டு. ஒருவருக்கு நீலம், ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்குக் கிழித்த சாரத்து ஓரம். கொழும்புக்குப் போகும் மீன் லொறிக்காரர் அப்புத்துரை பெட்டியில் எழுத்து வாசிப்பதில்லை. கயிற்றைத்தான் வாசிப்பார். மருந்துக் கம்பனிகள் எறிந்த பெட்டிகளில்தான் பாதி மீன் கொழும்புக்குப் போகிறது. விலாசங்களை நம்பினால் பாரை மீன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும். பச்சைக் கயிறு என்றால் மெல்ரொன். மெல்ரொனின் பெட்டி வழக்கமாக நிற்கிற இடமும் இந்த மண்டபத்துப் படிதான், அந்த வீதியிலேயே நிழலுள்ள ஒரே படிக்கட்டு. பதினொரு வருடமாக அப்புத்துரை அந்தப் படியில் பிறேக் போடுவார், ஏற்றுவார், கையைக் காட்டிவிட்டுப் போவார். கேள்வி கிடையாது.

இன்றும் கேட்கவில்லை.

மெல்ரொன் நம்பரை அழுத்தினான். இரண்டாவது மணியில் அப்புத்துரை எடுத்தார். பின்னால் எஞ்சின் இரைந்தது.

"ஓம் தம்பி, ஏத்தியாச்சு, ஏத்தியாச்சு. என்ன இண்டைக்குக் கனமே இல்லை? சரி, யோசியாதை. நெடுங்கேணியிலை நிப்பாட்டி ஐஸ் நல்லா அள்ளிப் போட்டு விடுறன்."

மெல்ரொன் "அண்ணை" என்று தொடங்குவதற்குள் தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தால் போன் நிறுத்தப்பட்டிருந்தது. பற்றரியை மிச்சம் பிடிப்பதற்காக, பேசி முடித்த கையோடு போனை அணைத்துவிடுவது அப்புத்துரையின் பழக்கம்.

ராஜினி படியில் குந்திவிட்டாள். ஆனால் மூளை ஓடிக்கொண்டிருந்தது. குளிர் கெடுதி இல்லை என்றாள். இரண்டிலிருந்து எட்டுப் பாகைக்குள் நின்றால் நாளை காலை வரைக்கும் தோல் உயிரோடு இருக்கும். உறைந்தால் மட்டும் அவ்வளவும் போச்சு. உயிரணுக்கள் வெடித்துவிடும். வெறும் ஐஸ் என்றால் பயப்படத் தேவையில்லை என்று அவள் சொல்லி முடித்தபோது, புருசனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெறும் ஐஸ் இல்லை மிஸ்," என்றாள் யூலிற்றா. "அவர் உப்புப் போடுவார்."

கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்த சங்கதி அது. இடித்த ஐஸில் உப்பைக் கலந்தால் குளிர் இன்னும் கீழே இறங்கும். அப்புத்துரையின் இறால்கள் கொழும்பில் இறங்கும்போது விறகுக் கட்டை மாதிரித் தட்டினால் சத்தம் கேட்கும்.

ராஜினி எழுந்து நின்றாள். வான் வந்ததும் பின்னால் வருவதாகச் சொன்னாள். நீங்கள் போங்கோ, இப்பவே போங்கோ என்றாள்.

ஸ்ரீபனை மெல்ரொனின் அக்கா நிறஞ்சனாவின் கையில் ஒப்படைத்துவிட்டு யூலிற்றா புருசனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் தொற்றினாள். நிறஞ்சனா மச்சாள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, போனது போனதாக இருக்கட்டுமே, தோலை அனுப்பி என்ன கண்டது என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். யூலிற்றாவுக்குக் கேட்கிற அளவு மெதுவாக.

அந்தக் குரலை யூலிற்றா ஏழு வருடமாகக் கேட்டு வருகிறாள்.

ஸ்ரீபன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது அவள் வள்ளத்தில் ஏறினாள். நாயாற்றுக் களப்பைக் கடந்து ஒரு கோவில் பெருநாளுக்குப் போக. வள்ளம் வலைத் தடியொன்றில் மோதி, அவள் வழுக்கிக் குறுக்குப் பலகையில் இடுப்படிபட விழுந்தாள். பிள்ளை பிறந்தது, தலை சிறிதாக இருந்தது, நாலு வயதில் நடந்தான், இன்று வரை நாலே சொல் பேசுகிறான். நிறஞ்சனாவுக்குக் கணக்குச் சுலபம். வள்ளத்தில் ஏறினவள், விழுந்தவள், பிள்ளையின் மூளையைக் குலுக்கினவள். அதை ஊர் மறந்திருக்கும். யூலிற்றா மறக்கவில்லை. பிள்ளை ஒரு சொல்லுக்குத் தடுமாறும் ஒவ்வொரு தரமும் அந்தப் பலகை அவள் இடுப்பில் வந்து இடித்தது.

போன வருடம் இரத்தம் சோதித்தார்கள். யூலிற்றாவும் மெல்ரொனும் சொந்த மச்சான் மச்சாள். இருவரிடமும் மறைந்து கிடந்த ஒரு மரபணு மாற்றம், பிள்ளையிடம் இரண்டு பக்கத்தாலும் வந்து சேர்ந்திருக்கிறது. அறிக்கையில் அச்சடித்திருந்தது: 'காரணமாக இருக்கலாம்.' இதற்கு முன் எவரிடமும் கண்டிராத மாற்றமாம், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். அந்த 'இருக்கலாம்' அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

ராஜினி சொன்ன வழி அதற்குத்தான். பிள்ளையின் தலையைத் திறந்து பார்க்க ஏலாது. ஆனால் தோலில் ஒரு துண்டு கிடைத்தால், அதன் உயிரணுக்களைக் கருவில் இருந்த பருவத்துக்குத் திருப்பி, அங்கிருந்து மூளைத் திசுவாக வளரவிடலாம். கண்ணாடித் தட்டில், பயறளவு. அதே தோலில் இன்னொரு பங்கை எடுத்து, அந்த ஒரு மாற்றத்தை மட்டும் திருத்தி, பக்கத்தில் வளர்ப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தால் மரபணுவில் குற்றமில்லை. திருத்தியது மட்டும் ஒழுங்காக வளர்ந்தால், காரணம் அதுதான். மருந்து வரும் என்று ராஜினி சொல்லவில்லை. விடை வரும் என்றுதான் சொன்னாள். யூலிற்றாவுக்கு அது போதும்.

மெல்ரொன் அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: அது யோசிக்குமோ, தனிய இருக்கப் பயப்பிடுமோ என்று. ராஜினி சிரிக்காமல் பதில் சொன்னாள். கண் இல்லை, காது இல்லை, உடம்பு இல்லை. பயப்படுவதற்கு ஒரு முழுப் பிள்ளை வேண்டும், இது வெறும் திசு என்றாள். மெல்ரொன் பேனையைக் கீழே வைத்து, திரும்ப எடுத்து, பிறகுதான் கையெழுத்து வைத்தான். அந்தத் தயக்கம் யூலிற்றாவுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

மோட்டார் சைக்கிள் பழசு. ஐம்பதைத் தாண்டினால் கைபிடி ஆடும். முள்ளியவளையில் பெற்றோல் முடிந்து, கடையில் போத்தலில் வாங்கி ஊற்றினார்கள். தண்ணீரூற்றைத் தாண்டியதும் நூறு மாடு வீதியை நிறைத்து நின்றது. ஹோர்ண் அடித்தால் மாடுகள் திரும்பிப் பார்த்தன; விலகுவதாக எண்ணமில்லை. யூலிற்றா இறங்கி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு மாடுகளுக்குள் இறங்கி வழி வெட்டினாள். மாட்டுக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அரை மணித்தியாலம் போய்விட்டது. ஒட்டுசுட்டான் தாண்டி இரண்டு பக்கமும் காடு. அப்போதுதான் அவள் கேட்டாள்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன், பொய் சொல்லப்படாது. வேணுமெண்டு கட்டினனீங்களோ?"

மெல்ரொன் திரும்பவில்லை. மோட்டார் சைக்கிள் ஒரு குழியில் இறங்கி ஏறியது. பதில் காற்றோடு வந்தது.

"எனக்குப் பயம்தான் யூலி. உன்னை வள்ளத்திலை ஏத்தினது ஆர்? நான். நீ வேண்டாமெண்டனி. எல்லாரும் உன்னைச் சொல்லேக்கை நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். உந்த விடை வந்தால் ஒண்டில் நான் தப்புவன், இல்லாட்டிக் காலம் முழுக்கச் சுமப்பன். ஆனா விடை வேணும். உன்னைவிட எனக்குத்தான் வேணும்."

ஒரு வளைவைத் தாண்டியதும் அவனே தொடர்ந்தான்.

"பெட்டி பத்திரமாப் போய்ச் சேரவேணும் எண்டு நினைச்சுத்தான் கட்டினனான். பத்திரம் எண்டு நினைச்சால் என்ரை கைக்கு உந்த முடிச்சு ஒண்டுதான் தெரியும்."

யூலிற்றா அவன் முதுகில் ஹெல்மெட்டால் ஒரு இடி இடித்தாள். கோபத்தில் அல்ல. "கெதியா ஓடுங்கோ," என்றாள்.

கைபிடி ஆட ஆட அவன் எழுபதில் ஓடினான்.

நெடுங்கேணிக்கு அங்காலே ஒரு புளிய மரத்தடி. அப்புத்துரையின் லொறி பின்கதவு திறந்து நின்றது. ஐஸ் இடித்து முடிந்திருந்தது. ஐஸ் அள்ளுகிற சவளோடு நின்ற உதவியாள் சாருஜன், வியர்வையைத் துடைத்தபடி கடைசிப் பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். மெல்ரொன் வண்டியை நிறுத்தவில்லை, விழுத்தினான்.

பெட்டி கிடைத்தது. பச்சைக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டியிருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே முழுக்க இடித்த ஐஸ். நடுவில் எங்கேயோ புதைந்து, தோலை வைத்து மூடிய வெள்ளித் தகரக் குவளை.

அப்புத்துரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்ததாகவும், மீனைக் காணவில்லையென்றும், தகரத்துக்குள் ஒளித்து அனுப்புகிறதென்றால் ஏதோ விலையான கடற்சாமான் என்று விளங்கிக்கொண்டதாகவும், தான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டேன் என்றும், அதற்காகத்தான் ஐஸைத் தாராளமாக அள்ளிப் போட்டதாகவும் சொன்னார். மெல்ரொன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, உப்புப் போட்டனியளோ?"

அப்புத்துரைக்கு முகம் கறுத்தது. "என்ன தம்பி கதைக்கிறாய்? போன மாசம் உன்ரை பாரைக்கு உப்புப் பட்டுத் தோல் வெந்து போச்சுதெண்டு நடுறோட்டிலை வைச்சு என்ன பேச்சுப் பேசினனி? அண்டையிலை இருந்து உன்ரை பெட்டிக்குக் கிட்ட உப்புச் சாக்கே கொண்டு போறேல்லை."

மெல்ரொன் அவருடைய கையை விட்டான். ஆனால் யூலிற்றா சவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே சவள்தான் இருந்தது. இறால் பெட்டிக்கு உப்பைக் கலந்த அதே சவள்.

அவள் பெட்டியின் முன்னால் குந்தினாள். ஒரு மூலையில் ஐஸைக் கிள்ளி வாயில் போட்டாள். சாருஜன் முகத்தைச் சுளித்தான். மீன் நாற்றம் தலைக்கு ஏறியது, உப்பு இல்லை. இரண்டாவது மூலை, உப்பு இல்லை. மூன்றாவது மூலையில் நாக்கு நின்றது. இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தாள்.

"இதிலை இருக்கு," என்றாள்.

 நாலு பேரும் கையால் ஐஸை வழித்து வெளியே கொட்டினார்கள். அப்புத்துரையும்தான், என்ன ஏது என்று தெரியாமலே. குவளையைத் திறக்க அவர்களுக்குத் துணிவில்லை. மரநிழலில் துவாயில் சுற்றி வைத்துக்கொண்டு, பஞ்சர் ஒட்டிய வானின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். இருபது நிமிடம். யூலிற்றாவுக்கு அது ஏழு மாதமாகத் தெரிந்தது.

வினோதன் வானை நிறுத்துவதற்கு முன்பே ராஜினி குதித்தாள். குவளையின் மூடிக்குள் விரல் நகமளவு ஒரு கருவி ஒட்டியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் குளிரை அளந்து தனக்குள் எழுதி வைக்கிற சாமான். அதைப் போனோடு பொருத்தினாள். கோடு ஒன்று திரையில் ஏறியது, இறங்கியது, இறங்கியது, இன்னும் இறங்கியது. யூலிற்றா கோட்டைப் பார்க்கவில்லை. ராஜினியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"மிகக் குறைஞ்சது ஒண்டு தசம் ஆறு," என்றாள் ராஜினி. "இரண்டுக்குக் கீழை போயிருக்கு அக்கா. ஆனா உறையேல்லை." குவளைக்குள் இருந்த கண்ணாடிக் குழாயைத் தூக்கி வெயிலில் சரித்தாள். இளஞ்சிவப்புத் திரவம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்குள் ஒரு பொட்டு அசைந்தது.

யூலிற்றா புளிய மரத்தைப் பிடித்துக்கொண்டு, வாயில் இருந்த மீன் நாற்றத்தையெல்லாம் துப்பினாள். பிறகு சிரித்தாள். சிரிப்பை நிறுத்தச் சற்று நேரம் எடுத்தது.

விசயம் விளங்கியதும் அப்புத்துரை பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிள்ளையைப் போய் இறாலுக்குப் பக்கத்தில் வைத்தேனே என்று புலம்பினார். ராஜினி பொறுமையாக, அது பிள்ளை இல்லை, தோல், இனித்தான் அதிலிருந்து மூளைத் திசு வளர்ப்பார்கள் என்று விளக்கினாள். அவர் யோசித்தார். சவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற சாருஜனைத் திரும்பிப் பார்த்தார்.

"இவனுக்கும் ஒண்டு வளர்த்துத் தரேலாதோ மிஸ்?"

சாருஜன் சவளைக் கீழே போட்டான். எல்லாருக்கும் வயிறு நோகும் வரை சிரிப்பு.

பெட்டி வானில் ஏறியது. இந்த முறை ராஜினியின் மடியில்.

தோல் பிழைத்ததோ என்று தெரிய ஒரு மாதம் எடுத்தது. பிழைத்தது. மற்ற விடைக்குப் பதினாறு மாதம். நடுவில் ஒரு முறை முழுத் தொகுதியும் பழுதாகி, உறைகுளிரில் காப்பாற்றி வைத்திருந்த மிச்சத்திலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். ராஜினி ஒவ்வொன்றையும் மறைக்காமல் சொன்னாள். யூலிற்றா ஒவ்வொரு முறையும் சரி என்றாள், பிறகு குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளைச் சத்தமாகக் கழுவினாள்.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் வீடியோ அழைப்பு வந்தது. மெல்ரொன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நிறஞ்சனா மச்சாள் பொரித்த திரளி மீனோடு வந்து கதிரையில் இருந்தாள். திரையில் இரண்டு வட்டங்கள் தெரிந்தன. இடது பக்கம் இருந்தது ஸ்ரீபனின் உயிரணுவில் வளர்ந்தது. வலது பக்கம் இருந்தது, அந்த ஒரு மாற்றத்தைத் திருத்தி வளர்த்தது. இடது பக்கத்து வட்டம் மற்றதில் பாதிகூட இல்லை. நாற்பதாம் நாளிலேயே வித்தியாசம் தெரியத் தொடங்கிவிட்டது என்றாள் ராஜினி. மூன்று முறை வளர்த்தும் அதேதான். இன்னும் செய்து பார்க்க இருக்கிறது; ஆனால் அறிக்கையில் இனி 'இருக்கலாம்' வராது.

நாற்பதாம் நாள். அவன் வயிற்றில் இருக்கிறான் என்றே அந்த நாளில் யூலிற்றாவுக்குத் தெரியாது.

"மிஸ், உது வள்ளத்திலை ஏறினதோ?" என்று கேட்டாள்.

ராஜினிக்கு விளங்கவில்லை. "என்னக்கா? இல்லையே. தட்டிலைதான் இருந்தது. ஓர் இடமும் போகேல்லை."

யூலிற்றா போனைச் சரித்து, நிறஞ்சனாவுக்கும் திரை தெரியும்படி பிடித்தாள். இன்னொரு முறை சொல்லும்படி ராஜினியைக் கேட்டாள். ராஜினி இன்னும் தெளிவாகச் சொன்னாள். நிறஞ்சனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டில் இருந்த மீனில் பெரிய துண்டைப் பார்த்தெடுத்து, முள்ளு எடுத்து, யூலிற்றாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்த வீட்டில் அவளிடமிருந்து அதற்கு மேல் எவரும் எதிர்பார்க்க முடியாது. மெல்ரொன் வலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போனான். முதுகு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் குலுங்கியது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அந்தச் சின்ன வட்டத்தைக் கிட்டப் பார்த்தான், வடிவாய்த்தான் இருக்கு என்றான். ஸ்ரீபன் தன் பங்குக்குத் திரையை நக்கிப் பார்த்தான்.

ராஜினி அழைப்பைத் துண்டிக்கவில்லை. இன்னொரு விசயம் இருந்தது. கண்டாவளையில் ஒரு பிள்ளை, நிதர்சனா என்று பெயர், ஐந்து வயது. அவளிடமும் இப்போதுதான் அதே மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். இரண்டாவது பிள்ளையின் தோலும் கிடைத்தால் இந்த விடை இன்னும் உறுதியாகும். ஆனால் பிள்ளை ஒருத்தரையும் கிட்ட விடாது, தாய் அழுகிறாள், எப்படிப் பழக்குவதென்று எவருக்கும் தெரியவில்லை.

"அக்கா, நீங்கள் ஒருக்கா வருவியளோ?"

யூலிற்றா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"புதன்கிழமை வாறன். அதுக்குள்ளை பிள்ளைக்கு என்னத்திலை ஆசை எண்டு தாயிட்டைக் கேட்டு வையுங்கோ."

தாய் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அந்தப் பிள்ளைக்குச் சாப்பாட்டில் ஆசை இல்லை, விளையாட்டுச் சாமானில் ஆசை இல்லை. லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடுகிற சத்தம் கேட்டால் மட்டும் சிலை மாதிரி நிற்குமாம்.

யூலிற்றா புருசனைப் பார்த்தாள். மெல்ரொன் அதற்குள் தன் போனை எடுத்து, கண்டாவளையில் ஆரிடம் லாண்ட்மாஸ்டர் இருக்கிறதென்று விசாரிக்கத் தொடங்கியிருந்தான்.